மின்சாரம் பாடிய பத்து இராகங்கள்



மீஞ்சூர், அத்திப்பட்டுப் பக்கம் இரயிலில் போனவர்கள் வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். 500 மெகாவாட் திறனுள்ள மூன்று மின்னாக்கிகள் அங்கே இருக்கின்றன. அவற்றின் சுழலிகள் நிமிடத்துக்கு 3000 முறை, அதாவது விநாடிக்கு 50 முறை சுழல்கின்றன. உங்கள் வீட்டு விளக்குக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

உங்கள் தெருமுனையில் இருக்கும் மின்மாற்றியின் வேலிக்கு வெளியே சற்று நின்று கேளுங்கள். (வேலியைத் தாண்டவே கூடாது.) 'ம்ம்ம்' என்று ஓயாத ரீங்காரம் ஒன்று கேட்கும். மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் காந்தமாகும்போது மிக மிகச் சிறிதளவு நீள அகலம் மாறும். வடக்கு தெற்கு எப்படி இருந்தாலும் மாற்றம் ஒன்றே என்பதால், மின்னோட்டம் ஒரு சுற்று முடிப்பதற்குள் இரும்பு இரண்டு முறை அதிர்ந்துவிடுகிறது. ஆகவே நாம் கேட்பது 100 ஹெர்ட்ஸ். பாடகர்கள் ஒரு கட்டை என்று சொல்லும் சுருதியின் சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். மின்மாற்றி அதற்குக் கொஞ்சம் கீழே இருந்து, இரவும் பகலும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒரே சுரம் என்பதுதான் அதன் குறை. அதிர்வெண்ணை நம் விருப்பப்படி மாற்ற முடிந்தால் மின்சாரமே ச ரி க ப த பாடுமல்லவா? பாடும். 1982-ஆம் ஆண்டில் அன்றைய பம்பாயில் ஓர் இசைக்கலைஞர் பத்து இராகங்களை அப்படித்தான் பாட வைத்தார். அந்த இசைத்தட்டை அப்போது வாங்குவார் இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் அதைத் தேடித் தேடிக் கேட்டார்கள். அத்தோடு அவரைப் பற்றி ஒரு பெரிய செய்தியையும் பரப்பினார்கள். அந்தச் செய்தி உண்மைதானா என்பதை இக்கட்டுரையின் முடிவில் நீங்களே தீர்மானிக்கலாம். அதற்கு முன் அந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்வது அவசியம்.

அந்தக் கலைஞரின் பெயர் சரண்ஜித் சிங். பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் கிதாரும் பேஸ் கிதாரும் மின்விசைப் பலகைகளும் வாசித்தவர். ஆர்.டி. பர்மன் போன்ற இசையமைப்பாளர்களின் பாடல்களில் அவருடைய வாசிப்பு உண்டு. ஆனால் இசைக்குழுவில் வாசிப்பவரின் பெயர் தட்டின் உறையில் வருவதில்லை. அவர் புதுக் கருவிகளின் மேல் பெரும் ஆசை கொண்டவர். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் அப்போதுதான் வெளியிட்டிருந்த மூன்று கருவிகள் அவர் கைக்கு வந்தன: டி.ஆர்-808 என்ற தாளக் கருவி, டி.பி-303 என்ற சிறு பேஸ் கருவி, ஜூபிடர்-8 என்ற பெரிய சிந்தசைசர். இந்த மூன்றும் சேர்ந்ததே இசைத்தட்டு முழுவதும். தபலா இல்லை, சிதார் இல்லை, குரலும் இல்லை.

சிந்தசைசரின் உயிர் அதன் அலையியற்றி. ஒரு மின்தேக்கி மெல்ல மெல்ல மின்னேற்றம் பெறுகிறது, குறிப்பிட்ட அளவை எட்டியதும் சட்டென்று காலியாகிறது, மறுபடி ஏறுகிறது. மின்னழுத்தத்தை வரைபடத்தாளில் வரைந்தால் மரம் அறுக்கும் ரம்பத்தின் பற்களைப் போல இருக்கும். ஆகவே அதற்கு ரம்பப்பல் அலை என்று பெயர். இந்த ஏற்ற இறக்கம் விநாடிக்கு 100 முறை நடந்தால் 100 ஹெர்ட்ஸ் சுரம். ஆனால் அது தனியாக வருவதில்லை. 200, 300, 400 என்று அதன் மடங்குகள் எல்லாம், வரவர வலுக்குறைந்து, கூடவே வருகின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்கிறோம். கூட்டமாக இவை வருவதால்தான் ரம்பப்பல் அலை காதைக் குடையும் கூர்மையோடு ஒலிக்கிறது.

அந்தக் கூர்மையை வேண்டிய அளவுக்குச் சீவி எடுப்பது வடிப்பான். இதைப் புரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம், உங்கள் வாயே போதும். ஒரே சுருதியில் மூச்சு விடாமல் 'ஊஊ' என்று தொடங்கி 'ஆஆ' ஆக்கி 'ஈஈ' என்று முடியுங்கள். தொண்டையின் சுரம் மாறவில்லை, ஆனால் ஒலி மாறிவிட்டது. வாயின் வடிவம் மாறும்போது சில மேற்சுரங்கள் அடங்கிச் சில எழும்புகின்றன. சிந்தசைசரில் வாய்க்குப் பதில் ஒரு திருகு இருக்கிறது. அதை இடப்புறம் திருப்பினால் உயர்ந்த மேற்சுரங்கள் வெட்டப்பட்டு ஒலி மந்தமாகும். வலப்புறம் திருப்பினால் பளிச்சென்று திறக்கும்.

டி.பி-303-இல் இன்னொரு திருகும் உண்டு. வடிப்பானிலிருந்து வெளிவரும் மின்னலையில் ஒரு பகுதியை மறுபடியும் உள்ளே திருப்பிவிடுவது அதன் வேலை. ஊஞ்சலை அதன் ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால் வீச்சு எப்படிப் பெருகுமோ, அப்படி வெட்டும் எல்லையை ஒட்டிய மேற்சுரம் மட்டும் ஓங்கி எழும். இதுதான் ஒத்ததிர்வு. ஒத்ததிர்வை ஏற்றிவைத்துக்கொண்டு முதல் திருகை மெல்லத் திருப்பினால், மேற்சுரங்கள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கி அடங்கும். கருவி முனகுவது போலவும் கீச்சிடுவது போலவும் ஒலிக்கும். இந்த ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு இதன் மேல்தான் வரப்போகிறது.

சுரத்தை மாற்றுவது எப்படி? இங்கே ஓர் அழகான உடன்பாடு இருக்கிறது. அலையியற்றிக்குக் கொடுக்கும் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும், அதாவது ஒரு ஸ்தாயி ஏறும். ஸ்தாயியில் 12 சுரத்தானங்கள். ஆகவே ஒரு தானத்துக்கு ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். மோகன இராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்ஜத்தைச் சுழியம் என்று வைத்தால் ரிஷபம் 2 தானங்கள் தள்ளி, 167 மில்லிவோல்ட். காந்தாரம் 4 தானங்கள், 333. பஞ்சமம் 583, தைவதம் 750. மோகனம் என்பது மின்சுற்றுக்கு இந்த ஐந்து மின்னழுத்தங்கள்தான்! இந்துஸ்தானி இசையில் பூபாலி என்று வழங்கும் இராகத்தின் சுரங்களும் இவையே. சிங்கின் பத்து இராகங்களில் பூபாலியும் ஒன்று. நம் கல்யாணிக்கு நெருங்கிய யமனும், இந்தோளத்துக்கு நெருங்கிய மால்கௌன்சும் அதில் உண்டு.

உங்களில் சங்கீதம் கற்பவர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பீர்கள். சுளிக்க வேண்டியதுதான். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகக் கூறு போடுவது மேல்நாட்டுப் பியானோவின் வழக்கம். 100 ஹெர்ட்ஸ் சட்ஜத்துக்குத் தம்புராவோடு இழையும் காந்தாரம் 125 ஹெர்ட்ஸ்; இயந்திரம் தருவதோ 126. இரண்டையும் ஒன்றாக ஒலித்தால் விநாடிக்கு ஒரு முறை ஒலி ஏறி இறங்கும் விம்மல் கேட்கும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இராகம் சுரங்களின் பட்டியல் அன்று. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியும் இராகத்தைச் சேர்ந்ததே. இயந்திரமோ படிக்கட்டில் குதிப்பது போல 167-இலிருந்து 333-க்கு ஒரே தாவாகத் தாவுகிறது.

டி.பி-303-ஐ அமைத்த பொறியாளர் தடாவோ கிகுமோட்டோ இராகங்களை நினைத்திருக்கமாட்டார். தனியாகப் பயிற்சி செய்யும் கிதார் கலைஞருக்குத் துணையாகப் பேஸ் கிதார் வாசிக்கும் பெட்டி ஒன்று செய்வதே அவருக்கு இட்ட வேலை. பேஸ் கிதார் வாசிப்பவர் விரலைத் தந்தியில் வழுக்கி அடுத்த சுரத்துக்குப் போவதுண்டு. அதையும் நகல் செய்ய வேண்டுமே என்று ஒரு 'சறுக்கு' வசதியை வைத்தார். செய்முறை எளிது: கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தின் வழியில் ஒரு மின்தடையும் மின்தேக்கியும். மின்தேக்கி நிரம்புவதற்குச் சற்று நேரம் எடுக்கும் என்பது மேல்வகுப்புப் பாடம். ஆகவே மின்னழுத்தம் தாவாமல், முதலில் விரைந்தும் பிறகு தயங்கியும் புதிய அளவை அடைகிறது. சுரம் வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்கிறது. நம் இசையில் இதற்கு ஜாரு என்று பெயர், இந்துஸ்தானியில் மீண்ட்.

கிகுமோட்டோவின் பெட்டி பேஸ் கிதாரைப் போல ஒலிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒலி இரப்பரை இழுத்து விட்டது போல இருந்தது. சுரங்களை அதில் பதிவதும் பெரும் பாடு. 1981-இன் இறுதியில் வந்த கருவி 1984-லேயே நிறுத்தப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 10,000 பெட்டிகளே வெளிவந்தன. போலச் செய்வதில் தோற்ற இந்தக் கருவியின் சறுக்கும் முனகலும் சிங்கின் இராகங்களுக்குப் பொருந்தின. கமகத்துக்கு இது ஈடாகாது. கமகம் ஒரு சுரத்தைச் சுற்றி அசையும், பாடுபவர் மனத்துக்கேற்ப நீளும் குறுகும். கருவியின் சறுக்கோ எப்போதும் ஒரே நேர அளவு. ஆனாலும் இசைத்தட்டில் சுரங்கள் இழைந்து ஓடுவதைக் கேட்கும்போது, பியானோவில் இராகம் கேட்கும் உறுத்தல் எனக்கு ஏற்படவில்லை.

தாளக் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டி.ஆர்-808-இல் பதிவுசெய்த மேள ஒலி எதுவும் கிடையாது. மின்சுற்றை ஒரு தட்டுத் தட்டி, அது மணி போல அதிர்ந்து ஓய்வதையே பெரிய முரசின் ஒலியாக்கினார்கள். 'சிஸ்' என்ற இரைச்சலுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? தரச் சோதனையில் கழித்துக்கட்டிய டிரான்சிஸ்டர்களை வேண்டுமென்றே வாங்கிப் போட்டதாக நிறுவனர் இகுடாரோ காகேஹாஷி பின்னாளில் சொல்லியிருக்கிறார். வானொலிப் பெட்டியில் வேண்டாத இரைச்சல் இங்கே சரக்காகிவிட்டது! டிரான்சிஸ்டர் தொழில்நுட்பம் முன்னேறி அந்தக் கழிவு கிடைக்காமற் போனதும் கருவியையே நிறுத்த வேண்டியதாயிற்று.

இனி இசைத்தட்டு உருவான விதத்தைப் பார்ப்போம். 1980-இல் 'குர்பானி' படமும் 1981-இல் நாசியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே' இசைத்தட்டும் வந்த பிறகு வடக்கே எங்கு பார்த்தாலும் டிஸ்கோ மோகம். எல்லாரும் டிஸ்கோ பண்ணுகிறார்களே, நாம் தபலாவை நிறுத்திவிட்டு இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தால் என்ன என்று தோன்றியதாகச் சிங் பிற்காலப் பேட்டியில் கூறினார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் அண்ணனோ மாமாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். புட்டியை நிரப்பு, மூடு, தள்ளு என்று வரிசையாகக் கட்டளையிட்டு, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அங்கே உண்டு. டி.பி-303-உம் அந்த இனம்தான். 16 கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுரம், அல்லது மௌனம், வேண்டுமானால் சறுக்கு, வேண்டுமானால் அழுத்தம். ஓடவிட்டால் பதினாறும் வரிசையாக ஒலித்து மீண்டும் தொடங்கும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஒரு கட்டத்துக்கு எட்டில் ஒரு விநாடி. எந்த வித்துவானும் இந்த வேகத்தில் ஐந்து நிமிடம் இம்மி பிசகாமல் வாசிப்பது கடினம்.

மூன்று கருவிகளும் ஒன்றாக ஓட வேண்டுமே? இக்காலத்தில் எல்லா நிறுவனங்களின் இசைக்கருவிகளும் பேசிக்கொள்ளும் 'மிடி' என்ற பொதுமொழி 1983-இல்தான் வந்தது. அதற்கு முன் ரோலண்ட் தன் தாளக் கருவியிலிருந்து பேஸ் கருவிக்கு ஒரு கம்பி வழியே அடிக்கு 24 மின்துடிப்புகள் அனுப்பியது. தாளக்காரர் தொடையில் தட்ட, மற்றவர்கள் அதைப் பார்த்து வாசிப்பது போலத்தான். இப்படித் தாளமும் அடிச்சுரமும் தாமாக ஓட, சிங்கின் கைகள் ஜூபிடர்-8-இன் கட்டைகளில் இராகத்தை விரிக்க ஓய்வு பெற்றன. இயந்திரம் செய்ய வேண்டியதை இயந்திரத்திடம் விட்டு, மனிதன் செய்ய வேண்டியதைத் தானே வைத்துக்கொண்டார். நல்ல பாகப்பிரிவினை.

'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற பெயரில் எச்.எம்.வி. முத்திரையோடு இந்திய கிராமபோன் கம்பெனி அதை வெளியிட்டது. விற்பனை படுதோல்வி. காரணம் ஊகிக்கக் கூடியதே. டிஸ்கோ கேட்பவருக்குப் பாட்டு வேண்டும், கூடவே முணுமுணுக்க ஒரு வரி வேண்டும். இதில் குரலே இல்லை. இராகம் கேட்பவருக்கு மெல்ல விரியும் ஆலாபனை வேண்டும். இதில் முதல் விநாடியிலிருந்தே தாளம் இடிக்கிறது, ஐந்து நிமிடத்தில் இராகம் முடிந்தும்விடுகிறது. இருவருக்கும் நடுவே விழுந்த தட்டு பழைய கடைகளின் அடுக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சிங் தம் வாத்திய வேலைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

கதையின் அடுத்த கட்டம் அமெரிக்காவின் சிகாகோ நகரில். 1980-களின் நடுவில் டி.பி-303 அங்கே பழைய சாமான் விலைக்குக் கிடைத்தது. 'ஃபியூச்சர்' என்ற குழுவினர் ஒன்றை வாங்கி, ஓடவிட்டுக்கொண்டே வடிப்பானின் திருகுகளைத் திருப்பி விளையாடினார்கள். அந்த முனகல், கீச்சு! 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டாக அது வெளிவந்தது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற ஒரு நடன இசை வகையே அதிலிருந்து கிளம்பி இங்கிலாந்து, ஐரோப்பா எங்கும் பரவியது. விலை போகாத பெட்டிக்கு வந்த யோகத்தைப் பாருங்கள். இன்று பழைய டி.பி-303 ஒன்று அதன் தொடக்க விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறுகிறது.

2002-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர் எடோ பௌமான் தில்லியில் சிங்கின் தட்டைக் கண்டெடுத்தார். போட்டுப் பார்த்தவருக்குத் திகைப்பு: ஆசிட் ஹவுஸ் போலவே இருக்கிறது, உறையிலோ 1982! பிறகு மும்பையில் சிங்கையே தேடிக் கண்டுபிடித்துப் பேசினார். 2010-இல் தம் 'பாம்பே கனெக்ஷன்' நிறுவனத்தின் வழியாகத் தட்டை மறுவெளியீடு செய்தார். கேட்டவர்களில் பலர் இது மோசடி, இக்காலத்தார் யாரோ செய்து பழைய தேதி போட்டிருக்கிறார்கள் என்றே எண்ணினார்கள். சந்தேகம் தீர்ந்ததும் செய்தி மறுகோடிக்குப் பாய்ந்தது: 'ஆசிட் ஹவுசைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்!' எழுபது வயதை எட்டியவரை ஐரோப்பிய மேடைகளுக்கு அழைத்தார்கள். அங்கே இளைஞர் கூட்டத்தின் முன் அந்த இராகங்களை மறுபடி வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

இனி வழக்குக்கு வருவோம். நம்மவர் ஒருவரைப் பற்றிய செய்தி என்றால் நமக்கு ஆராயாமல் மகிழத் தோன்றும். அறிவியல் மாணவர் முதலில் கேட்க வேண்டியது, ஒன்று மற்றொன்றுக்கு முந்தியது என்பதால் அதற்குக் காரணம் ஆகிவிடுமா என்பதே. சிங்கின் தட்டு ஐந்து ஆண்டு முந்தியது, இதில் ஐயமில்லை. ஆனால் பம்பாயில் விற்காத தட்டு சிகாகோ இளைஞர் கைக்குப் போனதற்குச் சான்று ஒன்றுமில்லை. தங்கள் ஒலி திருகுகளோடு விளையாடும்போது கிடைத்தது என்றே அவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். பாதை இல்லாமல் விதை போக முடியாது.

பின் ஒற்றுமை எங்கிருந்து வந்தது? வௌவாலுக்கும் காகத்துக்கும் இறகு வீச்சு ஒத்திருக்கிறது. ஒன்று மற்றொன்றிடம் கற்றதால் அன்று. இரண்டும் பறக்க வேண்டியது ஒரே காற்றில் என்பதால். இங்கே அந்தக் காற்றின் இடத்தில் இருப்பது டி.பி-303-இன் மின்சுற்று. அதே ரம்பப்பல் அலை, அதே ஒத்ததிர்வு, அதே சறுக்கு, அதே 16 கட்டம். யார் ஓடவிட்டாலும் அந்தக் குடும்ப முகம் தெரியத்தான் செய்யும். ஆனால் கூர்ந்து கேட்டால் வேறுபாடும் தெரியும். சிகாகோத் தட்டில் சுரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது, திருகுதான் கதாநாயகன். சிங்கின் தட்டில் திருகுக்கு அவ்வளவு வேலையில்லை. ஆரோகண அவரோகணம்தான் எல்லாம். ஆகவே அவர் ஆசிட் ஹவுசின் தந்தை என்பதை நான் ஒப்பவில்லை. அதனால் அவர் பெருமை குறைந்துவிடுமா? சிகாகோவிலிருந்து ஒன்றும் வராமலே போயிருந்தாலும், 83 மில்லிவோல்ட் படிகளில் யமனை நடக்கவைத்த முயற்சி அப்படியேதான் இருக்கும்.

தமிழ்த் திரையிசையில் கணினி வாசித்த இசையைப் பலரும் முதலில் கேட்டது 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில், இளையராஜாவின் இசையில். அதற்குள் 'மிடி' வந்துவிட்டதால் கம்பித் துடிப்புகளின் காலம் முடிந்திருந்தது. அது தனிக் கட்டுரைக்குரிய கதை.

உங்களுக்கு ஒரு பயிற்சி. சட்ஜம் 100 ஹெர்ட்ஸ் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு தானத்துக்கும் 1.0595-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் இயந்திரத்தின் பன்னிரண்டு சுரங்களும் கிடைக்கும். இந்தோளத்துக்கு 3, 5, 8, 10 ஆகிய தானங்கள் வேண்டும். அவற்றின் அதிர்வெண்களையும் மில்லிவோல்ட்டுகளையும் கணக்கிடுங்கள், மத்திமம் 133.5 ஹெர்ட்ஸ், 417 மில்லிவோல்ட் என்று வந்தால் கணக்குச் சரி. பிறகு கட்டத்தாளில் 16 கட்டம் போட்டு அந்தச் சுரங்களை நிரப்பி, எங்கே சறுக்கு வேண்டும் என்று கோடிட்டு, சங்கீதம் தெரிந்த தோழரிடம் பாடிக் காட்டச் சொல்லுங்கள்.